கை வேகமா? முதலில் டவுன் சென்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கணினி விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் இதற்கு இவ்வளவு இடம் கொடுத்ததே பெரிய விஷயம், சந்தோஷம். ஆனால் ஸ்ட்ராட்டஜி விளையாட்டுகளைப் பற்றி அதில் வந்த பத்தி எனக்குச் சரியாகப் படவில்லை. நிமிடத்துக்கு 300 கிளிக் அடிக்கிற விரல் வேகம் இருந்தால்தான் ஜெயிக்க முடியும், அந்த வேகம் இருபது வயதுக்கு மேல் குறைந்துவிடும், ஆகவே சின்ன வயதிலேயே பயிற்சியில் சேர்த்துவிட வேண்டும் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்கள். இதைப் படிக்கிற பையன் என்ன செய்வான்? விலை கூடிய மவுஸ் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம்பிடிப்பான். எங்கள் ஊரில் ஒரு பயிற்சி மையம் இதே வேகத்தைச் சொல்லித் தருவதாகத் தட்டி வைத்துக் காசு வாங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கட்டுரை இலவச விளம்பரம்.

நான் நாற்பதைத் தாண்டியவன். வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுகிறவன். ரேங்க்டு ஆட்டம், முகம் தெரியாத ஒருவனோடு ஒற்றைக்கு ஒற்றை. 1999இல் வந்த விளையாட்டு இது. 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து வெளியிட்டார்கள், இன்றைக்கும் எந்த நேரத்தில் போனாலும் ஓரிரண்டு நிமிடத்தில் எதிராளி கிடைத்துவிடுவான். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் ஒருவன் எதனால் முன்னேறுகிறான், எதனால் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறான் என்பதைப் பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. செஸ்ஸில் நீங்கள் ஒரு காய் நகர்த்துவீர்கள், அப்புறம் எதிராளி. இதில் முறை வைத்து ஆடுவது கிடையாது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பார்கள். செஸ்ஸில் எதிராளியின் காய்கள் கண்ணுக்குத் தெரியும், இதில் வரைபடமே இருட்டு, போய்ப் பார்த்தால்தான் தெரியும். கையில் கொடுப்பது ஊரின் நடுக் கட்டடமான ஒரு டவுன் சென்டர், வேலை செய்கிற 3 வில்லேஜர், வேவு பார்க்க ஒரு ஸ்கவுட் குதிரை, கொஞ்சம் உணவு, மரம், தங்கம், கல். அதை வைத்து ஊரைப் பெருக்கி, படை கட்டி, எதிராளியை வீழ்த்த வேண்டும்.

இனி கணக்குக்கு வருகிறேன். டவுன் சென்டரில் ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 விநாடி. அவ்வளவுதான். உலகச் சாம்பியனுக்கும் 25 விநாடி, நேற்று ஆரம்பித்தவனுக்கும் 25 விநாடி. நிமிடத்துக்கு 300 கிளிக் அடித்தாலும் அது 24 ஆகாது. ஆரம்பத்தில் வில்லேஜர் மூன்று, ஸ்கவுட் ஒன்று, ஆக மக்கள்தொகை 4. அது 22 ஆனதும் ஒரு பட்டனை அழுத்தி ஃபியூடல் என்கிற அடுத்த காலத்துக்குப் போவது பலரும் ஆடுகிற வழக்கமான ஓட்டம். அப்படியென்றால் புதிதாக 18 பேர் வேண்டும். 18 பேருக்கு 450 விநாடி, நடுவில் லூம் என்கிற மேம்பாட்டுக்கு 25 விநாடி. கூட்டினால் 7 நிமிடம் 55 விநாடி. டவுன் சென்டர் ஒரு விநாடிகூடச் சும்மா நிற்கவில்லை என்றால் 7:55க்கு அந்தப் பட்டனை அழுத்தலாம், அதற்கு முன்னால் யாராலும் முடியாது. இது ஆட்டத்தின் கடிகாரம். மல்டிபிளேயரில் அது சுவர்க் கடிகாரத்தைவிட 1.7 மடங்கு வேகமாக ஓடும், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வாட்ச்சை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவார்கள்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறான். அவனுடைய விரல்கள் உண்மையிலேயே வேகம், விசைப்பலகையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். ஆனாலும் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் கோபமாக வந்தான். "மாமா, அவன் ஆர்ச்சர் போட்டான், நான் சரியா ஸ்கர்மிஷர் போட்டேன், அதுதானே அதுக்கு எதிரி? அப்படியும் அடிச்சுட்டான், அவன் மைக்ரோ அப்படி" என்றான். ஆர்ச்சர் வில்லாளி, ஸ்கர்மிஷர் அவனைச் சமாளிக்கிற எறியீட்டிக்காரன், மைக்ரோ என்றால் சண்டையில் படையை நுணுக்கமாக நகர்த்துவது. சரிடா மாப்ளே, ரெக்கார்டிங்கைப் போடு என்றேன். இந்த ஆட்டம் ஒவ்வொரு போட்டியையும் தானாகவே பதிவு செய்து வைத்துக்கொள்ளும், இரண்டு பக்கத்தையும் இருட்டு இல்லாமல் பார்க்கலாம். அவன் நேராக 19ஆவது நிமிடச் சண்டைக்கு ஓட்டப் பார்த்தான். அங்கே வேண்டாம், ஆரம்பத்திலிருந்து விடு, டவுன் சென்டரை மட்டும் பார் என்றேன்.

முதல் இரண்டு நிமிடம் சுத்தமாக இருந்தது. இரண்டு வீடு, ஆடுகள் கிடைத்தன, வில்லேஜர்கள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஸ்கவுட்டைக் கொண்டுபோய் எதிராளியின் ஆட்டைத் திருடப் பார்த்தான். அந்த விரட்டலில் கண் முழுக்க அங்கே போய்விட்டது, இங்கே டவுன் சென்டரில் வரிசை காலி. 20 விநாடி. ஆடும் கிடைக்கவில்லை. அப்புறம் மக்கள்தொகை 15ஐத் தொட்டது. வீடு இருப்பது 15 பேருக்குத்தான். 25 மரம் செலவழித்து ஒரு வீடு கட்டியிருந்தால் முடிந்தது, ஆனால் அந்த எண் ஒளிர்ந்து ஒளிர்ந்து காட்டியும் அவன் பார்க்கவில்லை, பார்த்து ஆளை அனுப்பிக் கட்டி முடிப்பதற்குள் 40 விநாடி. அடுத்தது காட்டுப்பன்றி. ஒரு வில்லேஜரை விட்டு அதை அம்பால் சீண்டி டவுன் சென்டர் வரை ஓட்டிக்கொண்டு வர வேண்டும், 340 உணவு, ஏமாந்தால் வில்லேஜர் செத்துவிடுவான். அதைப் பத்திரமாகத்தான் கொண்டுவந்தான், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றை ஆளையே பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொரு 25 விநாடி. கடைசியாக, ஆட்டிறைச்சி தீர்ந்து உணவு கொஞ்ச நேரம் 50க்குக் கீழே போய் ஒரு 20 விநாடி. எல்லாம் சேர்த்து 105 விநாடி. 7:55க்கு அழுத்த வேண்டிய பட்டனை 9:40க்கு அழுத்தினான். எதிராளி பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை, அதே ஓட்டத்தை 8:05க்கு முடித்திருந்தான்.

105 விநாடி என்றால் நான்கு வில்லேஜர். ஒரு வில்லேஜர் மரம் வெட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 20 வரும். நான்கு பேர், அடுத்த பத்து நிமிடம், 800. ஒரு ஆர்ச்சருக்கு 25 மரமும் 45 தங்கமும், ஆக 70. கணக்குப் போட்டால் 11 ஆர்ச்சர். 19ஆவது நிமிடத்தில் இவன் வீட்டு வாசலில் வந்து நின்ற படைக்கும் இவனிடம் இருந்த படைக்கும் இருந்த வித்தியாசம் ஏறக்குறைய அதுதான். மைக்ரோவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சண்டை மூன்றாவது நிமிடத்திலிருந்தே தோற்றுக்கொண்டு வந்த சண்டை. இன்னொன்றும் பார்த்தோம்: அவன் படை செத்துக்கொண்டிருந்தபோது திரையின் மேலே மரம் 900 என்று சும்மா கிடந்தது, உணவு வெறும் 40. ஸ்கர்மிஷருக்கு 25 உணவும் 35 மரமும் வேண்டும். மரத்தில் நின்ற ஆட்களில் ஐந்தாறு பேரை வயலுக்கு மாற்றியிருந்தால் அந்த 900 மரமும் படையாகியிருக்கும். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப நான் பாக்குற இடமே தப்பா மாமா?" என்றான். ஆமாம் என்றேன்.

இந்த மாதிரி ஆட்டங்களில் முன்னேற விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான விஷயம் இதுதான்: தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள், தோற்ற இடத்தைப் பார்க்காதீர்கள், அதற்குப் பத்து நிமிடம் முன்னால் பாருங்கள். பெரும்பாலான பேர் இதைச் செய்வதே கிடையாது. தோற்றால் உடனே அடுத்த ஆட்டம், அதிலும் தோற்றால் இன்னொன்று, இப்படியே விடிந்துவிடும். ஜெயித்த ஆட்டத்தைத்தான் நண்பர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்கள்.

கை வேகம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேல்மட்டத்தில் அது வேண்டும், தென்கொரியாவில் 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டை வைத்தே தொழில்முறை அணிகள் உருவாகி, ஆட்டக்காரர்கள் ஒரே வீட்டில் தங்கி நாள் முழுக்கப் பயிற்சி எடுத்த காலம் உண்டு, அவர்கள் கையைப் பார்த்தால் நமக்கே மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த வேகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு என்ன ஆகும் என்று ஒரு பெரிய சோதனையே நடந்திருக்கிறது. கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட ஆல்ஃபாஸ்டார் என்ற நிரலை உருவாக்கியது. 2019 ஜனவரியில் அது தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றபோது, இயந்திரம் மனிதனால் முடியாத வேகத்தில் கிளிக் அடித்துத்தானே ஜெயிக்கிறது என்று எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள், நியாயமான கேள்விதான். அதற்குப்பிறகு 5 விநாடிக்கு 22 செயல்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்து, மனிதனைப்போலத் திரையில் தெரிகிற பகுதியை மட்டும் பார்க்கச் சொல்லி, பெயரை மறைத்து சாதாரண ஆட்டக்காரர்களோடு ஆடவிட்டார்கள். அப்படியும் அது கிராண்ட்மாஸ்டர் நிலைக்குப் போனது, 99.8 சதவீத ஆட்டக்காரர்களுக்கு மேலே. 2019 அக்டோபரில் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது.

வயது விஷயமும் அப்படித்தான். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தினர் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 24 வயதிலிருந்தே எதிர்வினை வேகம் மெதுவாகக் குறைய ஆரம்பிக்கிறது என்பது அதன் முடிவு. செய்தியாக வந்தபோது தலைப்பில் வந்தது இந்தப் பாதிதான், உங்கள் கட்டுரையாளரும் இதைத்தான் எங்கோ படித்திருப்பார் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி இது: வயதானவர்கள் எளிமையான திட்டங்களை ஆடி, ஆட்டம் கொடுக்கிற குறுக்குவழிகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தி அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. என்னைப்போன்ற நாற்பது வயதுக்காரர்களுக்கு வயிற்றில் பால் வார்த்த கட்டுரை அது.

குறுக்குவழி என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஹாட்கீ என்று பெயர். ஹெச் விசையைத் தட்டினால் நீங்கள் எங்கே இருந்தாலும் டவுன் சென்டர் உங்கள் கைக்கு வந்துவிடும். முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் சும்மா நிற்கிற வில்லேஜரைக் கண்டுபிடித்துக் காட்டும். இந்த இரண்டை மட்டும் முதல் மாதம் பழகினால் போதும். பன்றியை இழுத்து வரும்போதும், சண்டை நடக்கும்போதும், நடுநடுவே கண்ணை எடுக்காமலே ஹெச்சைத் தட்டி ஒரு வில்லேஜரை வரிசையில் போட்டுவிட வேண்டும். கல்யாணச் சமையல்காரர் உங்களோடு பேசிக்கொண்டே அடுத்த அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவாரே, அந்த மாதிரி. என் அக்கா மகனுக்கு நான் சொன்ன பயிற்சி இவ்வளவுதான்: ஒரு வாரத்துக்கு ஜெயிப்பதை மறந்துவிடு, ஆட்டம் முடிந்ததும் டவுன் சென்டர் எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று மட்டும் எழுதி வை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் திருத்தப் பார்க்கிறவன் எதையும் திருத்தமாட்டான்.

அடுத்தது வேவு. இதை யாரும் ரசித்துச் செய்வதில்லை, ஆனால் எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிடித்த பகுதி இதுதான். ஆரம்பத்தில் கொடுக்கிற அந்த ஒற்றை ஸ்கவுட் குதிரையை, நம் பக்கத்து ஆடுகளைச் சேர்த்தபிறகு, பெரும்பாலானோர் எங்காவது ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் அதை எதிராளியின் ஊரைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள். அவன் என்ன கட்டடம் கட்டுகிறான் என்பதைப் பார்ப்பது ஒருபக்கம். அதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது அவனுடைய ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது. ஸ்கவுட் குதிரைப்படைக்கு உணவு மட்டும் போதும், ஆளுக்கு 80. ஆர்ச்சருக்குத் தங்கம் வேண்டும். ஆக, அவன் தங்கச் சுரங்கத்தில் ஐந்தாறு பேர் நின்றால் வில் வருகிறது. தங்கத்தில் ஆளே இல்லை, பெர்ரிச் செடியிலும் வயலிலும் கூட்டமாக இருக்கிறார்கள் என்றால் குதிரை வருகிறது. குதிரைக்கு ஈட்டிக்காரன், 35 உணவு 25 மரம். வில்லுக்கு ஸ்கர்மிஷர். அவன் படை கிளம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே உங்களுக்குப் பதில் தெரிந்துவிடும். இதில் விரல் வேகத்துக்கு என்ன வேலை?

எந்த நாட்டை எடுத்து ஆடுவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஒன்றை எடுங்கள், ஒரே வரைபடத்தில் ஆடுங்கள், ஒரே தொடக்கத்தை ஆடுங்கள், கை தானாகப் போகிற வரைக்கும் மாற்றாதீர்கள். அரேபியா என்கிற திறந்த வரைபடம்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும், ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. நாடு என்றால் ஃப்ராங்க்ஸ் புதியவர்களுக்கு ரொம்ப வசதி. வயல் மேம்பாடுகள் இலவசம், குதிரைப்படைக்கு உயிர் 20 சதவீதம் கூடுதல், என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டாம், நைட் என்கிற கனத்த குதிரைவீரனை உருவாக்கி அனுப்பு.

நம் பையன்கள் எல்லோரும் டிராவிடியன்ஸைத்தான் எடுப்பார்கள், தெரியும். 2022 ஏப்ரலில் இந்திய நாடுகளைச் சேர்த்தபோது அது வந்தது, கூடவே ராஜேந்திர சோழனை வைத்து ஒரு தனிக் கதைத்தொடரும் வந்தது. வில்லேஜரைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வான், சுருள்வாள் வீசுகிற வீரன் இருக்கிறான், திரிசடை என்று ஒரு போர்க்கப்பலே இருக்கிறது. முதல்முறை கேட்டபோது எனக்கும் புல்லரித்தது, ஒளிப்பானேன். ஆனால் அவர்களுக்கு நைட் கிடையாது, குதிரைலாயமே பலவீனம். ஒவ்வொரு காலத்துக்குள் நுழையும்போதும் 200 மரம் இலவசமாகக் கிடைக்கும், அதை உடனே எதில் போடுவது என்று தெரிந்தவனுக்குத்தான் அது வரம், தெரியாதவனுக்கு அந்த மரம் சும்மா கிடக்கும். தண்ணீர் உள்ள வரைபடமென்றால் பிரமாதமான நாடு. அரேபியாவில் முதல் ஆறு மாதம் வேண்டாம் என்பேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

என் தலைமுறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் லேன் போட்டு ஆடி வளர்ந்த கூட்டம் நாம். அங்கே ஒரு எழுதாத சட்டம் உண்டு, 20 நிமிடம் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. எல்லோரும் நிம்மதியாகச் சுவர் கட்டி, கோட்டை கட்டி, யானை சேர்த்து, அப்புறம் ஒரே மோதல். அந்தப் பழக்கத்தோடு ரேங்க்டில் போய் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் மூன்று குதிரை வந்து மரம் வெட்டுகிறவர்களைக் குத்திவிட்டுப் போகும், இவர் 'இது என்ன அநியாயம்' என்று ஆட்டத்தை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அநியாயம் ஒன்றும் இல்லை, அதுதான் ஆட்டம். ஆறு வில்லேஜர் சாகாமல் அந்த மூன்று குதிரையை இரண்டு ஈட்டிக்காரர்களை வைத்துச் சமாளிக்கிற நாளில் இந்த ஆட்டத்தின் ருசி தெரியும்.

தோல்வியைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது அதனால்தான். இங்கே மதிப்பெண் செஸ்ஸில் இருக்கிற அதே ஈலோ முறைதான். எல்லோரும் 1000இல் தொடங்குகிறோம். புதியவன் அங்கிருந்து மளமளவென்று கீழே வருவான், வரத்தான் வேண்டும், தனக்குச் சமமானவர்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும் அப்படித்தான். அதற்கப்புறம் பாதி ஆட்டம் தோல்விதான், நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும். உங்களைவிட 100 புள்ளி குறைந்தவனோடு ஆடினால்கூட அந்தக் கணக்குப்படி நூற்றுக்கு 64தான் ஜெயிப்பீர்கள். ஒரு வாரத்து வெற்றி தோல்வியை வைத்து முன்னேறிவிட்டேனா என்று அளந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். ஃபியூடலுக்குப் போன நேரத்தை வைத்து அளக்கலாம், அது உங்கள் கையில் இருக்கிறது. அப்புறம், தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்குக் கடையை மூடிவிடுங்கள். மூன்றாவதை நீங்கள் ஆடமாட்டீர்கள், உங்கள் கோபம்தான் ஆடும்.

யூடியூப் பற்றி ஒரு வரி. கனடாவின் ஹெரா, நார்வேயின் தி வைப்பர் போன்ற பெரிய கைகள் தாங்கள் ஆடுவதை விளக்கி வீடியோ போடுகிறார்கள், காசில்லாமல் கிடைக்கிற நல்ல பாடம். ஆனால் அவர்கள் நேற்று ஆடிய புதுத் தந்திரத்தை இன்று நீங்கள் ஆடப் பார்க்காதீர்கள். அவர்களுடைய டவுன் சென்டர் நிற்பதே இல்லை என்கிற அடித்தளத்தின் மேல் அந்தத் தந்திரம் நிற்கிறது.

பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்கள் கட்டுரையின் கடைசியில் ஆன்லைன் ரம்மியையும் இந்த ஆட்டங்களையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பியிருந்தார்கள். காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமே இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இந்த ஆட்டத்தை ஒருமுறை விலைகொடுத்து வாங்கினால் சரி, ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு பைசா கைமாறாது. அதற்காக விடிய விடிய ஆடட்டும் என்று சொல்லவில்லை. 'ஒரு மணி நேரம்தான்' என்று சொல்வதைவிட 'ஒரு ஆட்டம், அதன் ரெக்கார்டிங், அவ்வளவுதான்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ஆட்டம் அரைமணி, சில சமயம் முக்கால் மணி. நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் பையன் வரமாட்டான், எழுந்து வந்தால் அவன் தோற்றுவிடுவான், அந்தச் சண்டை எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். சாப்பிட்டபிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பயிற்சி மையத்துக்குக் கட்ட வைத்திருக்கிற பணத்தையும் மிச்சப்படுத்தலாம், ஆர்ட் ஆஃப் வார் என்ற பெயரில் பயிற்சிப் பாடங்கள் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, ஆரம்பப் பொருளாதாரத்திலிருந்து முற்றுகை வரைக்கும், நன்றாகச் செய்தால் தங்கப் பதக்கமும் கொடுக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. வாரம் ஒருமுறை செஸ் புதிர் போடுகிறீர்கள், நானும் விடாமல் போட்டுப் பார்க்கிறேன். அதன் பக்கத்தில் நான்கு வரியில் இந்த ஆட்டத்துக்கும் ஒரு புதிர் போட்டால் என்ன? முதல் புதிரை நானே தருகிறேன். ஆட்டம் அரேபியா, நேரம் 9:30. எதிராளியிடம் பாரக்ஸ் என்கிற படைவீடு நிற்கிறது, தங்கத்தில் ஒருவர்கூட இல்லை, பெர்ரியில் 4 பேர், வயல் மூன்று போட்டாயிற்று. உங்களிடம் 200 மரம், 60 உணவு, டவுன் சென்டர் சும்மா நிற்கிறது, மரவெட்டிகளின் பக்கம் வேலி இல்லை. அடுத்த 25 விநாடியில் எதை முதலில் செய்வீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.